சாவி திருப்பினால் ‘டக்’ மட்டும் கேட்கிறது

கேள்வி: நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். எரு அள்ளப் பழைய பாப்கேட் (முன்னால் பக்கெட் உள்ள சின்ன லோடர்) ஒன்று வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்துத் தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கும். பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரையும் மாற்றிவிட்டேன். இப்போது டிரைவர் பின்கதவைத் திறந்து ஸ்குரூடிரைவரால் ஷார்ட் பண்ணித்தான் எடுக்கிறார். எங்கே கோளாறு?

பதில்: முதலில் அந்த ஸ்குரூடிரைவரை நிறுத்தச் சொல்லுங்கள். இன்றைக்கே. இந்த மெஷினில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. சீட்டில் ஆள் இல்லாமல் அது ஓடத் தொடங்கும்போது உங்கள் டிரைவர் நிற்பது நேர் பின்னாலே. லீவர் தேய்ந்த பழைய மெஷின் நடுநிலைக்குச் சரியாக வராமல் ஒரு முழம் பின்னால் நகர்ந்தாலே போதும், உயிர் போய்விடும். சோதனை செய்யும்போதும் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும்.

ஆனால் அந்த வேலையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. அவர் எந்த இரண்டு இடத்தைத் தொடுகிறார் என்று கேளுங்கள். பேட்டரி வயர் வரும் பெரிய போல்ட்டையும் சொலினாய்டின் (செல்ஃப் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) சின்ன டெர்மினலையும் தொட்டதும் செல்ஃப் சுற்றினால், பேட்டரி, தடித்த கேபிள், செல்ஃப் எல்லாம் நல்லபடி இருக்கின்றன. கோளாறு சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரில். இரண்டு பெரிய போல்ட்டையும் சேர்த்தால்தான் சுற்றுகிறது என்றால் சொலினாய்டைச் சந்தேகப்படலாம். நீங்கள் செல்ஃப் மாற்றியும் சரியாகவில்லை என்பதால் முதல் வகை என்றே நினைக்கிறேன்.

சூடானால் மட்டும் ஏன்? சொலினாய்டுக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுற்று. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் இருந்தது 90 ஆனால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். அதனால் கரண்ட் குறைந்து, இழுக்கும் பலமும் குறையும். வயரில் ஏற்கெனவே இரண்டு வோல்ட் வீணாகப் போய்க்கொண்டிருந்தால், காலையில் எப்படியோ இழுத்துவிடும் சொலினாய்டு மத்தியானம் பாதியில் நின்றுவிடும். அந்த ‘டக்’ அதுதான். (சத்தம் டேஷ்போர்டுப் பக்கம் கேட்டால் அது ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். காது கொடுத்துக் கேளுங்கள்.)

உங்கள் பண்ணையில் இன்னொரு எதிரியும் உண்டு. கோழி எருவிலிருந்து வரும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பச்சைப் பொடி இருக்கும். வயரின் தோலைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள், உள்ளே கம்பி கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுப் பயனில்லை, அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். இத்தனைக்கும் இந்த மெஷின் பிறந்ததே கோழி எருவுக்காகத்தான். 1957-இல் அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில், கெல்லர் சகோதரர்கள் வான்கோழிக் கொட்டகை சுத்தம் பண்ணத்தான் இதன் முன்னோடியைச் செய்தார்கள்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, மெஷின் சூடாகி மக்கர் பண்ணும் அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். ஆறின பிறகு அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பிடிக்கட்டும். கறுப்பு முனை செல்ஃப் பாடியில், சிவப்பு முனை சின்ன டெர்மினலில். பேட்டரியில் 12 இருந்து இங்கே 9, 10 காட்டினால் மிச்சம் வழியில் போகிறது. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: ரிலே, சீட் சுவிட்ச் (சீட்டில் ஆள் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆக விடுவது), சாவி சுவிட்ச், ப்யூஸ். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் வோல்ட் தாவுகிறதோ அங்கேதான் கோளாறு. இரண்டு செல்ஃப் மாற்றின பிறகு என் பட்டறைக்கு வந்த ஒரு மெஷினில் சீட் சுவிட்ச் பிளக் மட்டுமே 2.8 வோல்ட்டை விழுங்கியது. புதுப் பிளக் போட்டு அனுப்பினேன்.

எர்த்தையும் விடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப எர்த் பட்டைதான் வழி. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் செல்ஃப் பாடிக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, பெயின்ட் போகச் சுரண்டி இறுக்குங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் செல்ஃப் பக்கத்திலேயே ஒரு ஸ்டார்ட்டர் ரிலே வையுங்கள். பெரிய போல்ட்டிலிருந்து ப்யூஸ் வழியாகத் தடித்த வயர் ரிலேவுக்கு, அங்கிருந்து சின்ன டெர்மினலுக்கு. பழைய வயர் ரிலேவை மட்டும் தூண்டினால் போதும், சுமை இல்லை. சீட் சுவிட்ச் அந்தத் தூண்டும் வயரிலேயே இருக்கட்டும். அதை எடுத்துவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: பேட்டரி இறங்கினால் லாரி பேட்டரியிலிருந்து கொடுத்து எடுக்கலாமா?

பதில்: பெரிய லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்த்து 24 வோல்ட். உங்கள் மெஷின் 12. அப்படியே கொடுத்தால் ஹீட்டர் பிளக், டீசல் சொலினாய்டு, மீட்டர் எல்லாம் கருகும். லாரி இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டில் ஒரு பேட்டரியின் பிளஸ், மைனஸில் மட்டும் எடுங்கள். கடைசி மைனஸ் கிளிப்பை உங்கள் மெஷினின் பேட்டரியில் போடாமல் அதன் இன்ஜின் இரும்பில் போடுங்கள்.