ஃபஸி கார்டு: எது முதலில் வருமோ அதை முதலில் தடுங்கள்

கேள்வி: சண்டை வீடியோ கேம்களில் குனிந்து தடுத்தால் எதிராளி ஓவர்ஹெட் (குனிந்து தடுத்தால் நிற்காத மேலடி) அடிக்கிறார். நின்று தடுத்தால் காலில் அடிக்கிறார். ஃபஸி கார்டு தெரிந்தால் இரண்டையும் தடுக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதனால் பின் திசையை அழுத்திக்கொண்டே கீழ் பொத்தானைத் திரும்பத் திரும்ப வேகமாகத் தட்டிப் பார்த்தேன். முன்பைவிட அதிகமாக அடி வாங்குகிறேன். எங்கே தவறுகிறேன்? இதற்கு வேகமான கை வேண்டுமா?

பதில்: வேகமான கை தேவையில்லை. பொத்தானை வேகமாகத் தட்டுவதுதான் தவறு. அப்படித் தட்டும்போது, எந்த நொடியில் அடி வந்தாலும் நீங்கள் நிற்பதும் குனிந்திருப்பதும் தற்செயலாகிவிடுகிறது. மனத்தால் ஊகிப்பதற்குப் பதில் விரலால் ஊகிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஃபஸி கார்டில் ஊகத்துக்கு இடம் குறைவு. ஒரு குறிப்பிட்ட கணத்தில் ஒரே ஒரு முறை நிலை மாறி, உடனே பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அது. அந்தக் கணம் எது என்று தெரிந்துகொள்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முதல் இன்றுவரை, இந்த வகை 2டி விளையாட்டுகள் பலவற்றில் அடிப்படை ஒன்றுதான். எதிராளிக்கு எதிர்த்திசையை அழுத்தினால் தடுப்பு. குனிந்து தடுத்தால் காலடிகளையும் (காலைக் குறிவைக்கும் தாழ்வான அடிகள்), நின்றபடி அடிக்கும் பெரும்பாலான அடிகளையும் தடுத்துவிடலாம். குனிந்து தடுப்பவரை உடைக்கும் அடிகள் பெரும்பாலும் ஓவர்ஹெட்டும் குதித்து அடிக்கும் அடிகளும்தான். ஆகவே குனிந்து தடுப்பதே உங்கள் இயல்பு நிலையாக இருக்க வேண்டும். எழுந்து நிற்பது விதிவிலக்கு.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் தோன்றும் தனித்தனிப் படங்கள்) வேகத்தில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. குனிந்து அடிக்கும் சிறிய காலடி 5 ஃபிரேம் அளவில் வந்து சேரும். தரையில் நின்று அடிக்கும் ஓவர்ஹெட் பெரும்பாலும் 20 ஃபிரேமை ஒட்டியே வரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ரியூ என்ற கதாபாத்திரத்தின் ஓவர்ஹெட்டும், கில்டி கியர் ஸ்ட்ரைவில் டஸ்ட் எனப்படும் ஓவர்ஹெட்டும் இந்த அளவுதான். விளையாட்டை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த வேறுபாடு இது. இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் தடுப்பவருக்குச் செய்வதற்கு எதுவுமே இருக்காது.

பார்த்துவிட்டுத் தடுக்கலாமே என்று கேட்கலாம். கண்ணால் கண்டு கை அசைய சராசரியாக 200 முதல் 250 மில்லி நொடி ஆகும், அதாவது 12 முதல் 15 ஃபிரேம். ஓவர்ஹெட் ஒன்றுக்காக மட்டுமே காத்திருந்தால் 20 ஃபிரேமுக்குள் எழுந்துவிடலாம். ஆனால் உண்மையான ஆட்டத்தில் காலடி, திரோ (பிடித்து எறிவது), குதிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கிறீர்கள். இணையத்தில் ஆடும்போது தாமதம் வேறு சேர்கிறது. கண்ணை மட்டும் நம்பினால் அடி விழுவது இதனால்தான்.

ஒரு கட்டத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். எதிராளியின் அடியைத் தடுத்துவிட்டீர்கள். இருவரும் ஒரே ஃபிரேமில் விடுபடுகிறீர்கள், அதாவது மீண்டும் அசையத் தொடங்க முடிகிறது. அவர் உடனே காலடி போட்டால் 5-ஆவது ஃபிரேமில் உங்களைத் தொடும். உடனே ஓவர்ஹெட் போட்டால் 20-ஆவது ஃபிரேமில் தொடும். நடுவில் 15 ஃபிரேம், கால் நொடி. 17-ஆவது ஃபிரேம் வரை குனிந்திருங்கள். 18 முதல் 22 வரை நில்லுங்கள். பிறகு மீண்டும் குனியுங்கள். உடனே போட்ட காலடியையும் தடுத்தாயிற்று, உடனே போட்ட ஓவர்ஹெட்டையும் தடுத்தாயிற்று. இதில் எதையும் நீங்கள் கண்ணால் பார்த்து முடிவெடுக்கவில்லை.

எதிராளி 3 ஃபிரேம் முன்னதாக விடுபடும் அடியாக இருந்தால், இந்த எண்கள் 2 என்றும் 17 என்றும் மாறும். இரண்டுக்கும் நடுவே உள்ள 15 மாறாது. இதைக் கவனியுங்கள்: சாதகம் யாருக்கு எவ்வளவு என்றாலும் காலடிக்கும் ஓவர்ஹெட்டுக்கும் இடையிலான இடைவெளி அதேதான். ஒரு கதாபாத்திரத்தின் இந்த இடைவெளியை ஒருமுறை உடம்பில் ஏற்றிக்கொண்டால் பல இடங்களில் பயன்படும். ஆட்டத்தின் நடுவில் யாரும் ஃபிரேம் எண்ணுவதில்லை. அடியைத் தடுத்த ஓசையிலிருந்து எழும் கணம் வரையிலான தாளமாகத்தான் இது கைக்கு வருகிறது.

நிற்கும் நேரம் ஏன் இவ்வளவு குறைவு? எதிராளி காலடியைத் தாமதிக்கலாம் என்பதால். அவர் 13 ஃபிரேம் காத்திருந்து காலடி போட்டால் அது சரியாக 18-இல், நீங்கள் எழும் கணத்தில் வந்து விழும். ஃபஸி கார்டை உடைக்கும் வழி இதுதான். நல்ல ஆட்டக்காரர்கள் உங்கள் பழக்கத்தைக் கண்டுகொண்டதும் இதைத்தான் செய்வார்கள்.

எனக்கு இந்த உத்தியின் மீது இவ்வளவு மதிப்பு இருப்பதும் இந்த இடத்தில்தான். அவர் அந்த 13 ஃபிரேம் எதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் 4 ஃபிரேமில் வரும் சிறிய குத்தை அழுத்தியிருந்தால் அவர் அடி வாங்குவார். குதித்துத் தப்பியிருக்கலாம், அடி படாத தன்மையுள்ள சிறப்பு அடியையும் விட்டிருக்கலாம். இதுவரை ஆபத்தே இல்லாமல் உங்களை இரண்டில் ஒன்றை ஊகிக்க வைத்தவர், இப்போது அடிக்க வேண்டுமானால் அடி வாங்கவும் துணிய வேண்டும். ஃபஸி கார்டு எல்லாவற்றையும் தடுக்காது. எதிராளியின் பாதுகாப்பான தெரிவுகளைப் பறித்து, அவரை ஆபத்தானதை நோக்கித் தள்ளும்.

எது முதலில் வரும் என்பதைப் பொறுத்து நிலைகளின் வரிசையும் மாறும். எதிராளி உங்கள் மேல் குதித்து வரும்போது, காற்றில் அடிக்கும் அடி அவர் தரை இறங்குவதற்கு முன்பே படவேண்டும். அடிக்காமல் இறங்கிக் காலடி போட்டால் அது இறங்கிய பிறகே வரும். ஆகவே முதலில் நின்று தடுத்து, அவர் பாதம் தரையைத் தொட்டதும் குனிய வேண்டும். இதை நீங்கள் ஏற்கெனவே அரைகுறையாகச் செய்துகொண்டிருப்பீர்கள். அதுவும் ஃபஸி கார்டுதான்.

டெக்கன் போன்ற 3டி விளையாட்டுகளில் குனிந்தவரை நடு உயர அடி உடைக்கும். நின்றவரைக் காலடி உடைக்கும். அங்கே நடு அடி வேகமாகவும் ஆபத்தான காலடி மெதுவாகவும் வரும் இடங்கள் நிறைய. அவற்றில் முதலில் நின்று, காலடி வரும் கணத்தில் குனிவார்கள். வெர்ச்சுவா ஃபைட்டரில் குனிந்தால் திரோ தலைக்கு மேலே போய்விடும் என்பதால், முதலில் குனிந்து திரோவைத் தவிர்த்து, உடனே எழுந்து நடு அடியைத் தடுப்பார்கள். விதி மட்டும் மாறுவதில்லை: முதலில் வரக்கூடியதற்கு முதலில் தயாராகுங்கள்.

எங்கே பயன்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் விழுந்து எழும் கணத்தோடு ஒத்துப்போகும்படி எதிராளி அடியை முன்கூட்டியே அளந்து வைத்தால், ஓவர்ஹெட்டும் காலடியும் ஒரே ஃபிரேமில் வந்து சேரும். இடைவெளி இல்லாத இடத்தில் ஃபஸி கார்டும் இல்லை. அங்கே ஊகிக்கத்தான் வேண்டும். தலைக்கு மேல் தாண்டி முதுகுப் பக்கம் அடிப்பதற்கும் இது உதவாது. அங்கே சிக்கல் இடமா வலமா என்பது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் திரோவைக் குனிந்தாலும் நின்றாலும் தடுக்க முடியாது என்பதால் அதற்குத் தனி விடை தேவை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் பாரி என்ற சிறப்புத் தடுப்பு மேலடி, காலடி இரண்டையும் தாங்கிக்கொள்ளும். ஆனால் டிரைவ் அளவியில் உள்ள ஆற்றல் செலவாகும், பாரி செய்யும் நேரத்தில் திரோ பட்டால் வழக்கத்தைவிட அதிகச் சேதம். எப்போதாவது பயன்படுத்துங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

இதே பெயரில் ஒரு தாக்குதல் உத்தியும் உண்டு. நின்றபடி ஓர் அடியைத் தடுத்தால், தடுப்பு முடியும்வரை நீங்கள் குனிய அழுத்தினாலும் உங்கள் உருவம் பல விளையாட்டுகளில் நின்ற உயரத்திலேயே இருக்கும். குனிந்தவருக்கு மேலே வீணாகப் போகும் குதிப்படி அப்போது உங்களைத் தொட்டுவிடும். இணையத்தில் பார்க்கும் விளக்கங்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுவதுண்டு, குழம்பாதீர்கள். தேவையில்லாமல் நின்று தடுக்காதீர்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சிக்கு, உங்களை அதிகம் தோற்கடிக்கும் ஒரே ஒரு கதாபாத்திரத்தையும் அவர் அடிக்கடி போடும் ஒரே ஒரு அடித்தொடரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெயினிங் மோடில் பொம்மை எதிராளிக்கு அடித்தொடரோடு உடனடி ஓவர்ஹெட்டைப் பதிவு செய்து, முதலில் அதை மட்டும் ஓடவிடுங்கள். எவ்வளவு தாமதமாக எழுந்தாலும் தடுக்க முடிகிறது என்று பாருங்கள். அந்தக் கடைசிக் கணம்தான் உங்களுக்கு வேண்டியது. பிறகு அதே தொடரோடு உடனடிக் காலடியை இரண்டாவதாகப் பதிந்து, இரண்டையும் மாறி மாறித் தானாக வரும்படி வையுங்கள். இரண்டுக்கும் உங்கள் கை அசைவு துளியும் மாறக்கூடாது. மாறுகிறது என்றால் இன்னும் கண்ணால் ஊகித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

கையைப் பொறுத்தவரை, பின் திசையை ஒருபோதும் விடாதீர்கள். பொத்தான் கன்ட்ரோலர் அல்லது விசைப்பலகை என்றால் கீழ் பொத்தானிலிருந்து மட்டும் விரலை எடுத்துத் திரும்ப வையுங்கள். ஜாய்ஸ்டிக் என்றால் பின்-கீழிலிருந்து பின்னுக்கு வந்து நிறுத்துங்கள். பதற்றத்தில் பின்-மேலுக்குப் போனால் குதித்துவிடுவீர்கள். நீங்கள் அழுத்தும் திசைகளைத் திரையில் காட்டும் வசதியைப் போட்டுவைத்தால் இந்தப் பிழை உடனே தெரியும்.

இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு, தாமதமான காலடியை மூன்றாவதாகப் பதிவு செய்யுங்கள். அது உங்கள் மேல் படும், படத்தான் வேண்டும். அதற்காக எழும் நேரத்தை மாற்றாதீர்கள்; சில முறை தடுப்பதற்குப் பதில் சிறிய குத்தை அழுத்தி, அந்தக் காத்திருப்புக்கு நடுவில் அவரை அடித்துப் பாருங்கள்.