தாத்தா எந்த ஊர்? குடும்ப வரலாறு கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கிலும் செபராங் பிறையிலும் பழைய தாள்களையும் கோயில் உபயக் கற்களையும் படித்து, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் அவர்களின் சொந்த ஊரைத் தேடிக் கொடுத்து வருகிறேன். எனக்குப் பழக்கமானவற்றுக்கு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்கு யாரைக் கேட்கலாம் என்று சொல்கிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): என் தாத்தா நிபோங் திபால் பக்கம் கலிடோனியா தோட்டத்தில் வேலை செய்தவர். சொந்த ஊர் “திருச்சி ஜில்லா” என்பதற்கு மேல் பாட்டிக்குத் தெரியவில்லை. ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும் அம்மா. பாட்டி சொல்லும் திருச்சி இன்றைய திருச்சி இல்லை. பெரம்பலூர், அரியலூர், கரூர் எல்லாம் முன்பு திருச்சி ஜில்லாதான். 1995-இலிருந்துதான் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சேலம் என்றால் தருமபுரி, நாமக்கல்லையும், தஞ்சாவூர் என்றால் நாகப்பட்டினம், திருவாரூரையும் சேர்த்துத் தேட வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அந்தப் பக்கத்துக்காரர்களைத் திருச்சிப் பதிவுகளில் தேடிப் பயனில்லை.

அடுத்து வீட்டு டிரங்குப் பெட்டி. ஊர்க் கடிதங்கள் இருந்தால் உறையை முதலில் பாருங்கள். அனுப்பியவர் முகவரியில் ஊர், போஸ்ட், தாலுகா எல்லாம் இருக்கும். பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது, தாத்தாவின் சிவப்பு ஐசி (அடையாள அட்டை), இறப்புப் பத்திரம் எதையும் விடாதீர்கள். எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். தயவுசெய்து எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் பசை தாளோடு ஒட்டிவிட்டால் பிறகு தாளைக் கெடுக்காமல் பிரிப்பது மிகவும் கடினம்.

பாட்டியிடம் ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சோர வைக்க வேண்டாம். “மூத்த பிள்ளைக்கு எந்தச் சாமிக்கு மொட்டை போட வேண்டிக்கொண்டீர்கள்?” என்று கேளுங்கள். ஊரை மறந்த குடும்பங்கள்கூடக் குலதெய்வத்தை மறப்பதில்லை. சாமி பெயரோடு பக்கத்துச் சந்தை, ஆறு என்று இன்னொரு தடயம் கிடைத்தால் தாலுகா வரைக்கும் போய்விடலாம்.

தோட்டத்துக் கோயிலுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கோயில் இடம் மாறியிருந்தாலும் பழைய மணியும் குத்துவிளக்கும் கூடவே போயிருக்கும். பூசாரியிடம் சொல்லிவிட்டு விளக்கின் அடித்தட்டு ஓரத்தைப் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து, “உபயம்” என்று தொடங்கும் வரி மெல்லத் தெரியும். கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், அதிர்ஷ்டம் இருந்தால் ஊரும் இருக்கும். அது உங்கள் தாத்தாவாக இருக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்தவரைக் கங்காணி என்பார்கள்; ஒரு கங்காணி அழைத்து வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்துச் சனங்கள். பக்கத்து லயத்துக்காரரின் (லயம் என்றால் தோட்டத்து வீட்டு வரிசை) ஊர் தெரிந்தாலே உங்கள் வேலை பாதி முடிந்தது.

கேள்வி (செந்தூல்): என் கொள்ளுத்தாத்தா வந்த கப்பலின் பயணிகள் பட்டியல் எங்கே கிடைக்கும்?

பதில்: தம்பி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு, பெயர், தகப்பனார், கிராமம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி மூலமாகவோ சொந்தச் செலவிலோ வந்தவர்கள். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்க வைத்துக் கப்பலேற்றினார்கள். 1938-இல் இந்திய அரசு இப்படித் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையும் நிறுத்திவிட்டது. அந்த நாட்டுப் பதிவுகளைப் போல, டெக்கில் (கப்பலின் திறந்த தளத்தில்) வந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேடும் பட்டியல் நமக்கு இல்லை. கப்பலை விட்டுவிட்டுத் தோட்டத்தைத் தேடுங்கள்.

கேள்வி (சுங்கை பட்டாணி): என் தந்தையார் 1912-இல் ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். அந்தப் பயணத்தின் தேதி வேண்டும்.

பதில்: ஐயா, ரஜூலா 1926-இல்தான் கட்டப்பட்டது. 1912-இல் வந்திருந்தால் வேறு கப்பல்.

இதற்கு ஐயா மறுபடி எழுதினார்: “அப்பா வாயாலேயே கேட்டது. அவர் பொய் சொல்பவர் இல்லை.” கிள்ளானிலிருந்து ஒரு சகோதரர், தன் வீட்டிலும் எல்லாரும் ரஜூலா என்றுதான் சொல்வார்கள், ஆனால் பழைய பாஸ்போர்ட்டோடு இருந்த டிக்கெட்டில் ரோனா என்று இருந்தது என்றார். பாயான் லெப்பாஸ் அம்மா ஒருவர், 1960-களில் தானே ரஜூலாவில் ஊருக்குப் போய் வந்ததாகவும் அந்தக் கப்பலைக் குறை சொன்னால் பொறுக்க முடியாது என்றும் எழுதினார். அதன் பிறகு மற்ற கேள்விகளைவிட இதற்குத்தான் கடிதங்கள் அதிகம்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ரஜூலாவை யாரும் குறை சொல்லவில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம் சனங்களைச் சுமந்த கப்பல் அது. ரோனாவும் 1926-இல் கட்டி அதே வழியில் ஓடியதுதான்; போர்க்காலத்தில், 1943-இல், மத்தியதரைக் கடலில் குண்டு வீசி மூழ்கடிக்கப்பட்டது. நீண்ட காலம் ஓடியதால் வீட்டுப் பேச்சில் ரஜூலா என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஐயாவின் அப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லவே இல்லை. பலர் முதலில் ஒரு கப்பலில் வந்து, சில வருடம் கழித்துக் கல்யாணத்துக்கு ஊர் போய், திரும்பும்போது ரஜூலாவில் வந்தார்கள். பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது இரண்டு பயணமும் ஒன்றாகிவிடும். ஐயா, உங்கள் பெற்றோரின் கல்யாண வருடத்தைப் பாருங்கள். பிறகு சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோவைத் திறந்து, அந்த வருடக் கப்பல் வரவுப் பகுதியில் தேடுங்கள். அப்பாவின் பெயர் இருக்காது. கப்பல் வந்த தேதி இருக்கும்.

ஐயா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 1912 என்ற வருடம் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேள்வி (கூலிம்): பாட்டியின் அண்ணன் ஜப்பானியர் காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டார். திரும்பவில்லை. காஞ்சனபுரி கல்லறையில் பெயர் இருக்குமா?

பதில்: இருக்காது அம்மா. அந்தப் போர்க் கல்லறை கைதிகளாகப் பிடிபட்ட சிப்பாய்களுக்கானது. 1942-43-இல் நம் தோட்டங்களிலிருந்து போய் அங்கே பல்லாயிரக்கணக்கில் செத்தவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. ஆகவே பாட்டி இருக்கும்போதே எழுதி வையுங்கள்: எந்தத் தோட்டம், எந்த மாதம், லயத்திலிருந்து கூடப் போனவர்கள் யார், திரும்பியவர் யாராவது வந்து சேதி சொன்னாரா. திரும்பியவர்களின் பிள்ளைகளைத் தேடிப் போய்க் கேளுங்கள். போர் முடிந்ததும் இருந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் 1945-46 கோப்புகள் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தோட்டப் பெயரையும் மாவட்டத்தையும் வைத்துத் தேடுங்கள். தனி ஆளின் பெயர் கிடைப்பது அரிது, ஆனாலும் தேட வேண்டிய இடம் அது.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். ஐந்து தலைமுறையாக சூலியா தெரு பக்கம் இருக்கிறோம்.

பதில்: உங்கள் வழி வேறு பாய். நீங்கள் தோட்டத்துக்கு முந்திய காலத்து வியாபாரச் சனம். உயில், வக்ஃபு (சமய அறக்கொடை), நிலப் பத்திரம் இந்த மூன்றிலும்தான் பெயர்கள் கிடைக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இலிருந்து இருக்கிறது. வக்ஃபு விவரங்களுக்குப் பினாங்கு இஸ்லாமிய சமய மன்றத்தைக் கேளுங்கள். ஆங்கிலேயர் பதிவுகளில் உங்கள் முன்னோரைச் “சூலியா” என்றும் எழுதியிருப்பார்கள், அந்தச் சொல்லை வைத்தும் தேடுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): நாங்கள் நகரத்தார்.

பதில்: உங்கள் நகரக் கோயிலைக் கேளுங்கள். கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் (‘புள்ளி’ என்பார்கள்) அங்கே கணக்கு உண்டு. என்னைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

கேள்வி (பிறை): பயணிகள் பட்டியல் எங்கே கிடைக்கும்?

பதில்: செந்தூல் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜம்): தாத்தாவின் பிறப்புப் பத்திரம் கிழியத் தொடங்கிவிட்டது. லேமினேட் செய்துவிட்டேன். அது போதுமா?

பதில்: இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. இனி அதைப் பிரிக்க முயலாதீர்கள். வெயில் படாமல் வையுங்கள். மற்ற தாள்களை அமிலம் இல்லாத உறையில் போட்டு வையுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): தாத்தா ரயில்வேயில் கிராணி (குமாஸ்தா). எங்கே தொடங்குவது?

பதில்: உங்களுக்கு வேலை சுலபம். அரசாங்க வேலையில் இருந்தவர்களின் நியமனம், பதவி உயர்வு, ஓய்வு எல்லாம் அரசாங்க கெஜட்டுகளில் வரும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் சிலாங்கூர் செயலகக் கோப்புகளையும் தேடுங்கள். ஒரே பெயரைப் பல விதமாக எழுதிப் போட்டுப் பாருங்கள். முத்துசாமி என்ற பெயரை ஒரு கிராணி இரண்டு ‘ஓ’ போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் ‘யு’ போட்டிருப்பார். கிடைத்த கோப்பு எண்களை வீட்டிலேயே குறித்துக்கொண்டு போனால் வாசிப்பறையில் நேரம் மிச்சம்.

கேள்வி (ஈப்போ): பயணிகள் பட்டியல்...

பதில்: இல்லை ஐயா. தோட்டம் எது என்று எழுதுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.