உடைந்த பிரெஞ்சு

அன்புள்ள ஐயா,

கரீபியன் தீவு செயின்ட் லூசியாவின் முன்னாள் கவர்னர் ஜெனரல் பேர்லெட் லூயிசி பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். நான் 20 வருடமாக ஆசிரியர். இப்போது தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்திருக்கிறது. நல்ல ஆசிரியர் நாற்காலிக்குப் போனால் வகுப்பறைக்கு நஷ்டம்தானே? உடைந்த பிரெஞ்சு பேசும் கிராமத்தில் பிறந்து, நல்ல பிரெஞ்சு கற்பித்தவர், கடைசியில் ரிப்பன் வெட்டப் போய் என்ன கண்டார்?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

ரிப்பனை விடுங்கள். கவர்னர் ஜெனரல் என்பது, பிரிட்டிஷ் அரச பீடத்தின் பிரதிநிதி, பெரும்பாலும் அலங்காரப் பதவிதான். லூயிசி 1997 முதல் 2017 வரை இருந்தார், அந்தத் தீவில் அப்பதவிக்கு வந்த முதல் பெண். சரி, அவ்வளவுதான். என்னைச் சுட்டது உங்களுடைய 'உடைந்த பிரெஞ்சு'. இந்த வார்த்தையோடு ஒரு வாரமாக மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்களாக வந்து மாட்டினீர்கள்.

பிரிட்டனும் பிரான்சும் மாறி மாறிப் பிடுங்கிக்கொண்ட தீவு அது. 1814ல் பிரிட்டனிடம் நின்றது. கோர்ட்டும் பள்ளிக்கூடமும் ஆங்கிலத்துக்குப் போயின. அடுப்படியும் தோட்டமும் க்வேயோலில், நீங்கள் 'உடைந்த பிரெஞ்சு' என்கிற அந்த மக்கள் மொழியில், இருந்தன. பிரெஞ்சுக்காரர் 'டு லோ' என்பதை இவர்கள் 'ட்லோ' என்று ஒரே சொல்லாக்கினார்கள். தண்ணீர். 'லேஸ்வாஸோ' என்றால் பிரெஞ்சில் பறவைகள். அந்தப் பன்மையின் 'ஸ்' நகர்ந்து பறவையின் தலையில் உட்கார்ந்துகொண்டது. க்வேயோலில் ஒற்றைப் பறவையும் 'ஸ்வேஸோ'. இதில் எது உடைந்திருக்கிறது, சொல்லுங்கள்? ஆசிரியர் எழுதுகிற வார்த்தையா இது?

மூன்றாம் வகுப்பில் நான் 'தண்ணி' என்று தமிழில் கேட்டுவிட்டேன். ஆங்கிலப் பள்ளி, 10 பைசா அபராதம். கையில் காசு இல்லை. மதிய மணி அடிக்கும் வரை நின்றேன். எதிரே மண்பானை, அதன் மூடிமேல் கவிழ்த்த டம்ளர். அந்த டீச்சர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தத் தீவின் பள்ளிகளிலும் க்வேயோல் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை இருந்தது. 1979ல் சுதந்திரத்தோடு அமலுக்கு வந்த அரசியல் சட்டம்கூட, நாடாளுமன்றத்துக்குள் நுழைய ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்றது. க்வேயோல் மட்டும் தெரிந்த கிழவி ஓட்டுப் போடலாம், உள்ளே போய் வாய் திறக்க முடியாது.

லூயிசி 1946ல் லாபோரி என்ற மீனவக் கிராமத்தில் பிறந்தவர். தலைநகர் காஸ்ட்ரீஸில் கான்வென்டில் படித்து அங்கேயே பாடம் நடத்தினார், கனடாவில் மொழியியல் படித்தார், பட்டியல் நீளும். எனக்கு 1983 போதும். க்வேயோலை எப்படி எழுதுவது என்று இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கையேடு போட்டார். காதில் விழுகிறபடி எழுது, ஒலிக்காத எழுத்தை வெட்டு. பிரெஞ்சின் ஊமை எழுத்துகளை வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்த கை, அதே எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துப் போடுகிறது. கவனியுங்கள், அப்போது அவர் ஒரு கல்லூரியின் முதல்வர். நீங்கள் பயப்படுகிற அதே நாற்காலிதான்.

பதவி உயர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? வாங்கிக்கொள்ளுங்கள், வகுப்பறை அழாது. அடுத்த கடிதத்தில் உங்களைப் பற்றி எழுத வேண்டாம். உங்கள் பிள்ளைகள் வீட்டில் தண்ணீரை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள்.