பள்ளிச் சேர்க்கையும் தடுப்பூசி அட்டையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்களின் பதில்கள்

மகளை எல்.கே.ஜி. சேர்க்கப் போனால் தடுப்பூசி அட்டையின் நகல் கேட்கிறார்கள். வீடு மாறியபோது அட்டை தொலைந்துவிட்டது. அட்டை இல்லாமல் சேர்க்க முடியாது என்று சட்டம் இருக்கிறதா? (வாசகி, விழுப்புரம்)

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடுப்பூசியைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைக்கவில்லை. 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூட இடம் மறுக்கக் கூடாது என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. தேசியத் தடுப்பூசித் திட்டமும் இலவசமே தவிரக் கட்டாயம் அல்ல. ஆனாலும் பள்ளியோடு வாதாடுவதைவிட அட்டையை மீட்பது சுலபம். பிள்ளைக்கும் அதுதான் நல்லது.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது 12 இலக்க ஆர்.சி.எச். எண் (பிக்மி எண் என்பார்கள்) கொடுத்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அந்த எண்ணைக் கேட்டிருப்பார்கள். பழைய ஸ்கேன் ஃபைலில் தேடுங்கள். அதோடு, ஊசி போட்ட பகுதியின் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். பதிவேட்டில் தேதிவாரியாக இருக்கும். நகரம் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். பிறந்த உடனே போட்ட பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் பதிவான குழந்தை என்றால் க்யூ.ஆர். குறியுடன் சான்றிதழே பதிவிறக்கலாம்.

எங்குமே பதிவு கிடைக்காவிட்டால், "போட்ட ஞாபகம்" என்பதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். போடாததாகவே வைத்து, அந்த வயதுக்கு உரியதை மறுபடி போடுவார்கள். எம்.ஆர். (தட்டம்மை–ரூபெல்லா) ஊசி கூடுதலாக ஒன்று விழுந்தால் கெடுதல் இல்லை. டி.பி.டி. (தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா, கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான ஊசி) அதிகமானால் போட்ட இடத்தில் வீக்கம் கூடும், அவ்வளவுதான்.

ஒன்றரை வயது ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டோம். இப்போது பள்ளியில் "5 வயது பூஸ்டர் போட்டாச்சா?" என்கிறார்கள். அது அவசியமா? (வாசகர், தஞ்சாவூர்)

அவசியம். விட்டுப்போவதும் பெரும்பாலும் இதுதான். ஒன்றரை வயதுக்குப் பிறகு மூன்றரை வருடம் ஊசியே கிடையாது. அதற்குள் அட்டை பீரோவுக்குள் போய்விடும். உங்கள் அட்டையை விரித்துக் கடைசிக் கட்டங்களைப் பாருங்கள். 16 முதல் 24 மாதத்துக்கு நேராக டி.பி.டி. முதல் பூஸ்டர், எம்.ஆர். இரண்டாம் தவணை, போலியோ சொட்டு பூஸ்டர் ஆகிய மூன்றுக்கும் தேதி இருக்க வேண்டும். அதற்குக் கீழே 5–6 வயது, டி.பி.டி. இரண்டாம் பூஸ்டர். பல அட்டைகளில் காலியாகக் கிடக்கும் கட்டம் இது.

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் இரண்டுக்கும் கைக்குழந்தையில் போட்ட ஊசியின் பலம் வருடங்கள் போகப் போகக் குறைகிறது. அது குறையும் வயதில்தான் பிள்ளை முதன்முதலாக ஒரே அறையில் முப்பது, நாற்பது பேரோடு உட்காருகிறது. வீட்டில் தம்பி, தங்கை கைக்குழந்தையாக இருந்தால் இன்னும் முக்கியம். கக்குவான் அந்த வயதில்தான் உயிரைக் குடிக்கும்.

டி.பி.டி.க்கு 7 வயது எல்லை. அதற்குப் பிறகு அதிலுள்ள கக்குவான் பகுதி காய்ச்சலையும் வீக்கத்தையும் அதிகமாகக் கொடுக்கும் என்பதால், டெட்டனஸ்–டிப்தீரியா ஊசிக்கு மாறிவிடுவார்கள். ஆக, ஆறரை வயது என்றால் இந்த மாதமே போடுங்கள். தனியார் மருத்துவமனையில் டி.பி.டி.க்குப் பதில் போடும் "வலியில்லா ஊசி"யும் கணக்கில் வரும்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். டி.பி.டி. பூஸ்டரின் அளவு 0.5 மி.லி., மேற்கையில். டி.பி.டி. குப்பி திறந்த பிறகும் முறையான குளிரில் 28 நாள் வரை பயன்படும். எம்.ஆர். அப்படி இல்லை: கலக்கிய 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீந்தால் கொட்ட வேண்டும். அதனால்தான் பிள்ளைகளை ஒரே நாளில் வரச் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் நீங்களே வாங்கி ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப்போகாதீர்கள். டி.பி.டி. உறைந்தால் கெட்டது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே வேலை செய்யாது.

போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்று இரவு காய்ச்சலும், மறுநாள் கை தூக்க முடியாத வலியும் வரலாம். ஓரிரு நாளில் சரியாகும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு. 16 கிலோ பிள்ளைக்கு 240 மி.கி. இங்கேதான் தவறு நடக்கிறது: 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும் 250 மி.கி. உள்ள சிரப்பும் ஒரே மாதிரி பாட்டிலில் வருகின்றன. முதலாவது என்றால் 10 மி.லி., இரண்டாவது என்றால் 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. 6 மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

மூன்றரை மாதம் வரை போட்டோம். பிறகு ஊர் மாறியதில் எதுவும் போடவில்லை. மகனுக்கு இப்போது 4 வயது. முதலிலிருந்து தொடங்கணுமா? (வாசகி, திருப்பூர்)

வேண்டாம். போட்டது போட்டதுதான், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே நாளில் டி.பி.டி. பூஸ்டர், போலியோ சொட்டு, எம்.ஆர். மூன்றும் போடலாம். 4 வாரம் கழித்து எம்.ஆர். இரண்டாவது. அரசுத் திட்டத்தில் எம்.ஆர். 5 வயது வரைதான், தள்ளிப்போடாதீர்கள். டி.பி.டி. அடுத்த பூஸ்டருக்குக் குறைந்தது 6 மாத இடைவெளி விட்டு, 7 வயதுக்குள் முடியுங்கள். "போலியோ முகாமில் ஒவ்வொரு வருடமும் சொட்டு போட்டோமே" என்பார்கள். முகாம் சொட்டு கூடுதல் பாதுகாப்பு, அட்டையில் உள்ள தவணைக்கு அது ஈடாகாது.

ஐந்தாம் வகுப்பில் ஊசி போடுவதாகச் சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. போன மாதம்தான் ஆணி குத்தி டெட்டனஸ் ஊசி போட்டோம். சளியும் இருக்கிறது. (வாசகர், மதுரை)

10 வயதிலும் 16 வயதிலும் போடுவது டெட்டனஸ்–டிப்தீரியா ஊசி. காயத்துக்குப் போட்டது வெறும் டெட்டனஸ் ஊசியா, இந்தக் கூட்டு ஊசியா என்று சீட்டில் பாருங்கள். கூட்டு ஊசி என்றால் உடனே இன்னொன்று தேவையில்லை. சீட்டை ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வெறும் டெட்டனஸ் என்றால் அதில் தொண்டை அடைப்பானுக்குப் பாதுகாப்பு இல்லை. எத்தனை நாள் கழித்துப் போடலாம் என்று மருத்துவ அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரணச் சளி, இருமல் தடை அல்ல. முன்பு தடுப்பூசி போட்டதும் மூச்சுத் திணறலோ உடம்பெங்கும் தடிப்போ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். பள்ளியில் வரும் மயக்கத்தில் பெரும்பகுதி பயமும் பசியும்தான். ஒரு பிள்ளை சாய்ந்தால் வரிசையில் அடுத்ததும் சாயும்.

மகளுக்கு மணல்வாரி வந்து போய்விட்டது. இனி எம்.ஆர். ஊசி வேண்டாம்தானே? எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்? (வாசகி, சேலம்)

வேண்டும். எம்.ஆர். ஊசியில் மணல்வாரி எனப்படும் தட்டம்மையோடு ரூபெல்லாவும் சேர்ந்திருக்கிறது. தவிர, ரத்தப் பரிசோதனை செய்யாத "அம்மை" எல்லாம் தட்டம்மை அல்ல. தட்டம்மை என்றால் தடிப்பு தோன்றிய நாளிலிருந்து 4 நாள் வரை பரவும், அதுவரை வீட்டில் இருக்கட்டும். ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ, 2 லட்சம் யூனிட் வீதம் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள், கண்ணுக்கு முக்கியம். நீர்க்கொப்புள அம்மை என்றால் கணக்கு வேறு: கடைசிக் கொப்புளமும் பொருக்கு கட்ட வேண்டும்.

குடும்பத்தோடு டொரன்டோ போகிறோம். 7 வயது மகனுக்கு அரசு அட்டைப்படி எல்லாம் போட்டாயிற்று. அங்கே அது போதுமா? (வாசகர், திருச்சி)

போதாது. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளின் தடுப்பூசிக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அங்கே தட்டம்மைத் தவணை முதல் பிறந்த நாளுக்குப் பிறகு போட்டிருந்தால்தான் செல்லும். நம் அட்டையின் 9 மாத ஊசி கழிந்துவிடும், மிஞ்சுவது ஒன்றுதான். பொன்னுக்கு வீங்கிக்கு நம் அரசுத் திட்டத்தில் ஊசியே இல்லை. எனவே எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) இரண்டு தவணை, 4 வார இடைவெளியில். 2010-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு நீர்க்கொப்புள அம்மை ஊசியும் கேட்பார்கள்: இரண்டு தவணை, 3 மாத இடைவெளி. எம்.எம்.ஆரும் நீர்க்கொப்புள அம்மை ஊசியும் வலு குறைத்த, உயிருள்ள கிருமி ஊசிகள். ஒரே நாளில் போடலாம், தவறினால் 4 வாரம் கழித்தே போட வேண்டும். மூளைக்காய்ச்சல் ஊசி ஒன்றும் உண்டு. 2016 ஏப்ரல் 1-க்குப் பிறகு போட்ட போலியோ சொட்டையும் அங்கே ஏற்பதில்லை, ஊசி வடிவில் போடச் சொல்வார்கள்.

பதற வேண்டாம், இவை அங்கேயே இலவசம். ஆனால் ஊசி போட்ட விவரத்தை உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவிப்பது பெற்றோர் பொறுப்பு. டாக்டர் போட்டால் தானாகப் பதிவாகிவிடும் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவு இல்லையென்றால் 20 பள்ளி நாட்கள் வரை இடைநீக்கம் செய்யலாம். கிளம்பும் முன் ஆங்கிலத்தில் சான்று வாங்குங்கள். 05/08 என்று எழுதினால் எது மாதம், எது நாள் என்ற குழப்பம் வரும். மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

கையில் பி.சி.ஜி. தழும்பு இல்லை. மறுபடி போடணுமா? (வாசகி, நாகர்கோவில்)

போட்டதாக அட்டையில் இருந்தால் வேண்டாம். சில பிள்ளைகளுக்குத் தழும்பு விழாது.