நோன்புல முடியுது, பெருநாள் அன்னைக்கு ஏன் முடியல?

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா (அண்ணே),

எனக்கு வயசு 38. ஊரு கீழக்கரை, சென்னை மண்ணடில எலக்ட்ரிக்கல் சாமான் கடை வச்சிருக்கேன். காலேஜ்ல ஆரம்பிச்ச சிகரெட், இப்ப ஒரு நாளைக்கு 12, 15 ஆகுது. ரமலான் நோன்பு 30 நாளும் சஹர்ல (விடியலுக்கு முன்னாடி) இருந்து மஃரிப் (பொழுது சாஞ்சதும் வர்ற தொழுகை) வரைக்கும் அது நெனப்புக்கே பெருசா வராது. ஆனா பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், பாதி டம்ளர் கஞ்சி, மஃரிப் தொழுத உடனே படி இறங்கி தெருமுனைக்கு போயிடுவேன். மூணு வருஷமா நோன்போட விசேஷமான 27ஆம் இரவு அழுது துஆ கேட்டு, அல்லாஹ் மேல சத்தியமா இனிமே தொடமாட்டேன்னு சொல்லிட்டு வர்றேன், பெருநாள் தொழுகை முடிஞ்சு பிரியாணி சாப்பிட்ட கையோட பத்த வச்சிடுறேன். ரெண்டு மாசம் முன்னாடி ஜமாஅத்துல (கூட்டுத் தொழுகைல) பக்கத்துல நின்னவர் என் வாடைல முகத்த திருப்பிக்கிட்டாரு, அன்னைல இருந்து பள்ளிக்கு போறதில்ல, வீட்லயும் தொழுகை விட்டுப்போச்சு. இப்படி சத்தியத்த முறிச்சிக்கிட்டே இருக்கிறவன் முனாஃபிக் (நயவஞ்சகன்) தானே காக்கா? உள்ள ஈமான் (இறைநம்பிக்கை) இருக்கான்னே பயமா இருக்கு.

- பேர் வேண்டாம்

வ அலைக்கும் ஸலாம் தம்பி,

உங்க கடிதத்துல என்ன உலுக்குனது சிகரெட் இல்ல, கடைசி நாலு வரிதான். சிகரெட்டால தொழுகை போச்சுன்னு எழுதிருக்கீங்கள்ல, அதத்தான் முதல்ல பேசணும், மத்தது எல்லாம் அப்புறம்.

முனாஃபிக்கான்னு பயந்தது நீங்க முதல் ஆள் கிடையாது. நபித்தோழர் ஹன்ழலா (ரலி) ஒரு நாள் இன்னொரு தோழர் அபூபக்கர் (ரலி) அவங்கள வழில பாத்து, "ஹன்ழலா முனாஃபிக் ஆயிட்டான்"னு சொன்னாங்க. நபி (ஸல்) கூட உக்காந்திருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்ணு முன்னாடி தெரியுது, வீட்டுக்கு போயி பொண்டாட்டி புள்ள வேலைன்னு ஆனதும் நெறைய மறந்துபோகுதுன்னு காரணம் சொன்னாங்க. அபூபக்கர் என்ன சொன்னாங்க தெரியுமா, எனக்கும் அப்படித்தான் இருக்குன்னு! ரெண்டு பேருமா நபிகிட்ட போறாங்க. நீங்க எப்பவுமே அந்த நிலைலயே இருந்தா மலக்குகள் (வானவர்கள்) உங்க படுக்கைலயும் தெருவுலயும் வந்து முஸாஃபஹா பண்ணுவாங்க (கை கொடுப்பாங்க), ஆனா ஹன்ழலாவே, ஒரு நேரம் இப்படி ஒரு நேரம் அப்படின்னு நபி சொன்னாங்க. முஸ்லிம்ங்கிற தொகுப்புல உள்ள ஹதீஸ் (நபியோட சொல், செயல் பத்தின பதிவு) இது. தன்னோட ஈமான பத்தி ராத்திரி பயந்து கடிதம் எழுதுறவன, முனாஃபிக்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இன்னொன்னு புகாரிங்கிற ஹதீஸ் தொகுப்புல இருக்கு. மதீனால ஒருத்தர், குடிச்சிட்டு மாட்டி தண்டனை வாங்கி, திரும்ப குடிச்சி திரும்ப மாட்டி, இப்படியே நடந்துக்கிட்டு இருந்தது. சுத்தி இருந்தவங்கள்ல ஒருத்தர், எத்தன தடவ தான் இவன கொண்டு வர்றது, அல்லாஹ்வோட சாபம் இவன் மேலன்னு சொன்னப்ப நபி (ஸல்) தடுத்துட்டாங்க. இவர சபிக்காதீங்க, இவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார்னு சொன்னாங்க. தண்டனைய ரத்து பண்ணல, அத கவனிங்க. தப்பு தப்புதான். ஆனா அந்த மனுஷனுக்குள்ள இருந்த நேசத்தயும் இல்லன்னு சொல்லல. உங்க பக்கத்துல முகத்த திருப்புனவருக்கு இந்த ஹதீஸ் தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

ஆனா வாடை விஷயத்துல அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதயும் சொல்லிடுறேன். பூண்டு, வெங்காயம் சாப்ட்டவங்க அந்த வாடையோட பள்ளிக்கு வரவேண்டாம்னு நபி சொல்லிருக்காங்க. அதுக்கு அர்த்தம் தொழுகைய விடுன்னு இல்ல, வாடைய போக்கிட்டு வான்னுதான். தொழுகைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நிறுத்துங்க, பல்ல தேய்ங்க, மிஸ்வாக் (பல் குச்சி) பண்ணுங்க, கடைல ஒரு துவைச்ச சட்டை வச்சிக்குங்க. யோசிச்சி பாருங்க, அஞ்சு வேளைக்கும் இப்படி ஒரு மணி நேரம் முன்னாடி நிறுத்துனா உங்க 15 அங்கயே எத்தன ஆகும்?

இது என் கண்டுபிடிப்பு இல்ல, மது விலக்கப்பட்ட கதையே இப்படித்தான் நடந்தது. முதல்ல குர்ஆன் 2:219ல அதுல பெரிய பாவமும் இருக்கு மக்களுக்கு சில பயனும் இருக்கு, பயன விட பாவம் பெருசுன்னு மட்டும் வந்துச்சு. அப்புறம் 4:43, போதைல இருக்கும்போது தொழுகைய நெருங்காதீங்கன்னு. அஞ்சு வேளை தொழறவனுக்கு இந்த ஒரு வசனத்துக்கு அப்புறம் குடிக்க நேரம் எங்க இருக்கு, இஷாவுக்கு (ராத்திரி தொழுகை) அப்புறம் கொஞ்சம், ஃபஜ்ருக்கு (விடியகாலை தொழுகை) அப்புறம் கொஞ்சம், அவ்ளோதான். கடைசிலதான் 5:90, 91, விட்டுடுவீங்களான்னு அல்லாஹ் கேக்குறான். நபித்தோழர் உமர் (ரலி) விட்டுட்டோம் விட்டுட்டோம்னு சொன்னாங்க, மதீனா தெருவுல மது ஓடுச்சு. எடுத்த எடுப்புல குடிக்காதீங்கன்னு வந்திருந்தா நாங்க விடவே மாட்டோம்னு ஜனங்க சொல்லிருப்பாங்கன்னு நபியோட மனைவி ஆயிஷா (ரலி) அவங்களே சொல்றாங்க, அதுவும் புகாரில இருக்கு. படச்சவனுக்கு தெரியும் மனுஷனுக்கு பழக்கம்னா என்னன்னு. நீங்கதான் 27ஆம் இரவுல ஒரே சத்தியத்துல எல்லாத்தயும் முடிக்க பாக்குறீங்க.

பயம் காட்டி மட்டும் முடியும்னா 1633ல இஸ்தான்புல்லயே முடிஞ்சிருக்கணும். உஸ்மானிய சுல்தான் நாலாம் முராத் புகையிலைக்கு மரண தண்டனைன்னு அறிவிச்சி ஆளுங்கள கொன்னும் பாத்தாரு, ஜனங்க ஒளிஞ்சி ஒளிஞ்சி புடிச்சாங்க, பின்னாடி தடையே போயிடுச்சு. புகையிலை அமெரிக்கால இருந்து வந்த சாமான்ங்கிறதால பழைய கிதாபுகள்ல (மார்க்க நூல்கள்ல) நேரடியா கிடையாது, மக்ரூஹ்னு (வெறுக்கத்தக்கதுன்னு) சொன்ன ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு ஹராம்னு (தடை செய்யப்பட்டதுன்னு) சொன்னவங்களும் உண்டு. அந்த வாதத்த நான் இழுக்கல. உங்க கைகளாலயே உங்கள அழிவுல போட்டுக்காதீங்கன்னு 2:195 சொல்லுது, பாக்கெட் மேல இருக்குற படத்த பாத்தா எனக்கு அந்த வசனம் போதும்.

இப்ப நீங்க கேட்ட கேள்வி, நோன்புல எப்படி முடியுது. நானும் 19 வருஷம் புடிச்சவன் தம்பி, இதே கேள்விய எனக்குள்ள கேட்டுக்கிட்டவன். எனக்கு புரிஞ்சது இதுதான்: நோன்புல மனசுக்குள்ள பேரம் இல்ல. சஹர்ல நிய்யத் (மனசுல உறுதி) வச்சாச்சு, மஃரிப் வரைக்கும் கதவ சாத்தியாச்சு, ஒண்ணே ஒண்ணு குடிச்சிக்கிட்டா என்னன்னு நஃப்ஸ் (உள்ள இருக்குற ஆசை) கேக்கவே துணியாது, ஏன்னா பதில் அதுக்கே தெரியும். மஃரிப் பாங்கு சொன்னதும் கதவு தொறக்குது பேரம் ஆரம்பிக்குது, வாழ்நாள் பூரா தொடமாட்டேன்னு சொல்றதுல அந்த கதவே இல்ல, எங்க ஆரம்பிச்சி எங்க முடியுதுன்னு தெரியாத நிய்யத்த மனசு நம்ப மாட்டேங்குது. அதனால சின்னதா வைங்க. மஃரிப்ல இருந்து இஷா வரைக்கும், அவ்ளோதான். அது ஒரு வாரம் நின்னா அஸர்ல (சாயங்கால தொழுகை) இருந்து இஷா. அல்லாஹ்வுக்கு ரொம்ப பிடிச்ச அமல் (நற்செயல்), கொஞ்சமா இருந்தாலும் தொடர்ந்து செய்யறதுதான்னு ஹதீஸ் இருக்கே. திங்களும் வியாழனும் சுன்னத் நோன்பு புடிங்க, வாரத்துல ரெண்டு பகல் உங்களுக்கு தெரிஞ்ச வழிலயே கழிஞ்சிடும்.

இனிமே சத்தியம் பண்ணாதீங்க. முறிச்ச சத்தியத்துக்கு கஃப்பாரா (பரிகாரம்) இருக்கு, 5:89ல, பத்து ஏழைகளுக்கு சாப்பாடு இல்லன்னா உடுப்பு, அதுக்கு வசதி இல்லாதவங்களுக்கு மூணு நாள் நோன்பு. உங்களுக்கு கடை இருக்கு, சாப்பாடு கொடுக்க முடியும். மூணு வருஷத்துக்கு எத்தன கஃப்பாரான்னு உங்க பள்ளி ஹஜ்ரத்கிட்ட கேட்டு கணக்க முடிங்க. மனசுல கிடக்குற பாரம் அதுல பாதி எறங்கும்.

அந்த தெருமுனை பத்தி ஒண்ணு. ஹதீஸ்ல வர்ற 99 பேர கொன்னவன் கதை தெரியும்ல, எனக்கு தவ்பா (பாவமன்னிப்பு) உண்டான்னு கேட்டு இல்லன்னு சொன்னவரயும் சேத்து 100 ஆக்குனவன். அடுத்து போன ஆலிம், உண்டு, ஆனா உன் ஊர விட்டுடு, இன்ன ஊருக்கு போ, அங்க அல்லாஹ்வ வணங்குற ஜனங்க இருக்காங்கன்னு சொன்னாரு. தவ்பாவுக்கு அவர் சொன்ன வழி இடம் மாத்துறதும் கூட்டம் மாத்துறதும். நீங்க மண்ணடிய விட்டு எங்கயும் போக வேண்டாம், நோன்பு திறந்து கஞ்சிய முழுசா குடிச்சிட்டு அப்படியே பள்ளிலயே இஷா வரைக்கும் உக்காருங்க, தெருமுனைக்கு போற காலு அங்க இருக்கட்டும். நான் விட்டு ரெண்டு வருஷம் கழிச்சி எங்க மாமா மவுத்தான (இறந்த) வீட்ல, வெளிய நின்னவங்க ஒண்ண நீட்டுனாங்க, துக்கத்துல வாங்கிட்டேன். அந்த ஒண்ணு எட்டு மாசம் இழுத்துட்டு போச்சு. அதுக்கப்புறம் மவுத் வீட்லயும் கல்யாண வீட்லயும் வெளிய நிக்கிற கூட்டத்துல நான் நிக்கிறதில்ல, உள்ள போயி பெரியவங்க கூட உக்காந்துக்குவேன். இப்ப 11 வருஷம் ஆச்சு, அல்ஹம்துலில்லாஹ்.

உடம்பு பக்கமும் பாக்கணும், இது ஈமான் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. நிக்கோடின் ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துல பாதியா குறையும், அதான் மறுபடி கை தேடுது. நிறுத்துன முதல் ரெண்டு மூணு நாள்தான் ரொம்ப கஷ்டம், எரிச்சல் வரும் தூக்கம் கெடும், சில வாரத்துல அடங்கும். வீட்ல முன்னாடியே சொல்லி வைங்க, கோவம் வந்தா பொறுத்துக்கன்னு. மருத்துவம் பாத்துக்குங்கன்னு நபி (ஸல்) சொன்ன மார்க்கம் இது, அதனால டாக்டர்கிட்ட போறத ஈமான் கொறச்சல்னு நெனக்காதீங்க. நிக்கோடின் சூயிங்கம் மெடிக்கல் ஷாப்ல இருக்கு, மாத்திரையும் இருக்கு, டாக்டர் சொல்றபடி எடுங்க (நோன்பு நேரத்துல சூயிங்கம் கூடாது, நோன்பு முறிஞ்சிடும்). பாக்கெட்லயே 1800-11-2356ன்னு அரசாங்கத்தோட இலவச நம்பர் போட்டிருக்கும், கூச்சப்படாம கூப்பிடுங்க.

நீங்க வியாபாரி, அதனால ஒண்ணு சொல்றேன். பழைய காலத்து மார்க்க அறிஞர் இமாம் கஸாலி நஃப்ஸ வியாபார கூட்டாளின்னு சொல்றாங்க, காலைல அதுகூட நிபந்தனை பேசு, பகல்ல கண்காணி, ராத்திரி கணக்கு பாருன்னு. கடைய சாத்தும்போது கல்லா எண்ணுவீங்கள்ல, அதே நோட்டுல பின்பக்கம் எத்தன சிகரெட்னு ஒரு நம்பர் எழுதுங்க. 15 ஆனாலும் 15ன்னு எழுதுங்க, பொய் கணக்கு வேண்டாம். கூடுன அன்னைக்கு ரெண்டு ரக்அத் அதிகமா தொழுங்க, தப்புக்கு பின்னாடியே ஒரு நல்லத செய், அது அழிச்சிடும்னு ஹதீஸ் இருக்கு. தொழுகைய விடறது மட்டும் அந்த கணக்குல வரவே கூடாது, 15 புடிச்ச அன்னைக்கும் தொழுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை கடைய 12 மணிக்கு சாத்திட்டு குளிச்சி ஜும்ஆவுக்கு போங்க. பழைய பள்ளிக்கு போக கூச்சமா இருந்தா மண்ணடில பள்ளிக்கா பஞ்சம், வேற பள்ளிக்கு போங்க. போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க, நோட்டுல அன்னைக்கு என்ன நம்பர்னும் சேத்து.