தினமும் செய்தித்தாள் படித்தும் நடப்பு நிகழ்வுகளில் மதிப்பெண் வராதது ஏன்?

கேள்வி: பட்டப்படிப்பு முடித்துவிட்டுக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். இரண்டு செய்தித்தாள், ஒரு மாத இதழ், டெலிகிராமில் வரும் பிடிஎஃப் என்று நடப்பு நிகழ்வுகளுக்கே தினமும் மூன்று மணி நேரம் போய்விடுகிறது. நோட்டு நோட்டாகக் குறிப்பு இருக்கிறது. ஆனாலும் மாதிரித் தேர்வில் இந்தப் பகுதியில்தான் அடி வாங்குகிறேன். எத்தனை மாதச் செய்திகளைப் படிக்க வேண்டும்? தமிழில் படித்தால் போதுமா? மாநில அரசுப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வுக்கும் இதே குறிப்பு உதவுமா?

பதில்: மூன்று மணி நேரம் அதிகம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செய்திக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் நோட்டைப் பார்க்காமலேயே ஒன்று ஊகிக்கிறேன்: அதில் யார், எங்கே, என்றைக்கு என்பதெல்லாம் இருக்கும்; அந்தச் செய்தி எந்தச் சட்டப்பிரிவிலிருந்து கிளம்பியது, வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது இருக்காது. குடிமைப் பணித் தேர்வை நடத்தும் யூபிஎஸ்சி பெரும்பாலும் கேட்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

நம் மாநிலத்துச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்கள் ஆளுநரிடம் தேங்கிக் கிடந்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தேதி, மசோதாக்களின் எண்ணிக்கை, நீதிபதிகளின் பெயர் என மூன்று வரி எழுதிவிட்டுப் பலரும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்த மூன்று வரிக்கும் தேர்வில் மதிப்பு குறைவு. இந்தச் செய்தியை வைத்து நீங்கள் திறக்க வேண்டியது அரசமைப்பின் 200ஆவது பிரிவை. மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். பண மசோதாவாக இல்லாவிட்டால் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். பேரவை அதை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. குடியரசுத் தலைவருக்குப் போன மசோதா என்னாகும் என்பது 201ஆவது பிரிவு. அந்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள நீதிமன்றம் பயன்படுத்தியது, முழுமையான நீதி வழங்க உத்தரவிட அதற்கு அதிகாரம் தரும் 142ஆவது பிரிவை. 2022 மே மாதம் பேரறிவாளன் விடுதலையானதும் இதே 142ஆல்தான். அங்கே விவாதத்துக்கு வந்த ஆளுநரின் மன்னிப்பு அதிகாரம் 161ஆவது பிரிவு. ஒரே செய்தியில் இத்தனையும் கிடைக்கிறது.

இதோடு முடியவில்லை. தீர்ப்புக்குப் பிறகு குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஏப்ரல் தீர்ப்பு செய்ததுபோல ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையும் செல்லாது என்று 2025 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்தது. தேதி வாரியாகக் குறிப்பெடுத்தவருக்கு ஏப்ரல் ஒரு நோட்டிலும் நவம்பர் வேறொரு நோட்டிலும் கிடக்கும். தேர்வறையில் ஏப்ரல் மட்டும் நினைவுக்கு வந்தால் விடை தவறிவிடும். அதனால் தேதி வாரிக் குறிப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ‘ஆளுநர்’ என்று ஒரு தாள், ‘தேர்தல் ஆணையம்’ என்று ஒரு தாள். புதிதாக எது வந்தாலும் அந்தத் தாளின் கீழேயே சேரட்டும். கட்டுப் போட்ட நோட்டை விடத் தனித் தாள்கள்தான் இதற்குச் சரி.

வெளிநாட்டுச் செய்தி என்றால் அட்லஸ். 2023 முதல்நிலைத் தேர்வில் வந்த ஒரு கேள்வியைப் பாருங்கள். வடக்கு கிவு, இட்டூரி, நகோர்னோ-கராபாக், கெர்சன், சபோரிஷியா ஆகிய பகுதிகளுக்கு எதிரே அவை ஏன் செய்தியில் அடிபட்டன என்று காரணம் கொடுத்து, எத்தனை இணை சரி என்று கேட்டிருந்தார்கள். ஒன்றுகூடச் சரியில்லை. முதல் இரண்டும் காங்கோவில், அடுத்தது அர்மீனியா–அஜர்பைஜான் தகராறு, கடைசி இரண்டும் உக்ரைனில். போர் நிலவரமே தெரிய வேண்டியதில்லை. இடம் எந்த நாட்டில் என்று தெரிந்தாலே போதும். ஆனால் ‘எத்தனை சரி’ என்ற வகையில், தெரிந்த ஒன்றை வைத்து மற்றதைக் கழித்துவிட முடியாது. ஒவ்வொன்றும் உறுதியாகத் தெரிய வேண்டும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வேறு போகும். அரைகுறையாக ஆயிரம் செய்தி தெரிவதால் வரும் ஆபத்து இதுதான்.

சுற்றுச்சூழலிலும் அப்படியே. தமிழ்நாட்டின் ராம்சர் தலங்கள், அதாவது ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்கள், 20 ஆனது செய்தி. ஆனால் 2014இலேயே யூபிஎஸ்சி கேட்டது, ஒரு சதுப்புநிலம் மான்ட்ரூ பதிவேட்டில் சேர்ந்தால் என்ன பொருள் என்று. அதன் சூழலியல் தன்மை கெட்டிருக்கிறது, கெட்டுக்கொண்டிருக்கிறது அல்லது கெடக்கூடும் என்று பொருள். இந்தியாவில் கேவலாதேவும் லோக்தாக்கும் அதில் உள்ளன.

எத்தனை மாதம் என்றால், தேர்வுக்கு முந்தைய 12 முதல் 15 மாதங்கள் போதும். தலைப்பு வாரியாக வைத்திருந்தால் இந்தக் கணக்கே பெரிதாகத் தெரியாது. ஒரு செய்தித்தாள், ஒரு மாத இதழ், சந்தேகம் வந்தால் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பிஐபி) அறிக்கை. அது தமிழிலும் வருகிறது. டெலிகிராம் பிடிஎஃப்களை அழித்துவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

தமிழில் தாராளமாகப் படிக்கலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். அதனால் கலைச்சொற்களுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலச் சொல்லையும் எழுதி வையுங்கள். பழைய வினாத்தாள்களையும் ஆங்கிலத்திலேயே போட்டுப் பழகுங்கள்.

குரூப் 1 கொஞ்சம் வேறு. அரசமைப்பு, புவியியல் தாள்கள் அப்படியே உதவும். அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, நேரடித் தகவல் கேள்விகளும் அதிகம். மாநிலத் திட்டங்கள் விவரத்தோடு தெரிய வேண்டும்: காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியது, மகளிர் உரிமைத் தொகை அடுத்த ஆண்டு அதே தேதியில் காஞ்சிபுரத்தில் என்பது போல. இதற்கு இதழ்களைத் துருவ வேண்டாம். துறைவாரி நிதி ஒதுக்கீட்டுக்கான மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழக அரசின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வி, சமூக நலன், ஊரக வளர்ச்சி ஆகிய மூன்றிலிருந்து தொடங்கலாம்.