வெள்ளி கிரகத்தின் விருந்தாளிகள்

அன்புள்ள சார்,

போலிச் சாமியார்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிறபோக்கில் ‘அடாம்ஸ்கி வகையறா’ என்று ஒரு வரி வந்தது. யார் அவர் என்று தேடப்போனேன். வேற்றுகிரகத்தாரைச் சந்தித்தேன், அவர்களுடைய விண்கலத்தில் போய்வந்தேன் என்று சொன்ன அமெரிக்கராம். இப்போது அதிலேயே மூழ்கிக் கிடக்கிறேன். ஆனால் நீங்கள் தள்ளியதுபோல அவரை ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

1955இல் வந்த புத்தகத்தில், விண்கலத்தின் சன்னல் வழியே பார்த்தபோது கோடானுகோடி மின்மினிகள் போல ஒளி தெரிந்ததாக எழுதியிருக்கிறார். ஏழு வருடம் கழித்து அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் விண்வெளிக்குப் போய் அதே மின்மினிகளைப் பார்த்தேன் என்றார். போகாத மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது? பறக்கும் தட்டுகளைப் பற்றி அமெரிக்க அரசு எதையோ ஒளித்தது என்பதும் உண்மைதானே?

இன்னொன்று. போகர் ககன குளிகையை வாயில் அடக்கிக்கொண்டு சீனத்துக்குப் பறந்தார் என்கிறோம். சித்தர்கள் சொன்னதும் அடாம்ஸ்கி சொன்னதும் ஒன்றுதான் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு நண்பர் அடித்துப் பேசுகிறார். உங்கள் பதில் வேண்டும்.

அன்புடன்,
ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

அடாம்ஸ்கியின் ஆதரவாளர்கள் முதலில் எடுத்துவைக்கும் சாட்சியே இந்த மின்மினிதான். அங்கிருந்தே தொடங்கலாம்.

1962 பிப்ரவரி 20 அன்று க்ளென் ஃப்ரெண்ட்ஷிப் 7 கலத்தில் பூமியை மூன்று முறை சுற்றினார். சூரியன் உதிக்கும் நேரத்தில் கலத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஒளித்துணுக்குகள் மிதந்தன. மின்மினிகள் போல இருக்கின்றன என்று ரேடியோவில் சொன்னார். தரையில் இருந்தவர்களுக்கும் அது என்னவென்று புரியவில்லை. மே 24 அன்று அடுத்த வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் போனார். அவர் கலத்தின் சுவரை உள்ளிருந்து கையால் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட வெளியே துணுக்குகள் கிளம்பின. கலத்தின் மேல் உறைந்திருந்த பனிப்பொருக்கு உதிர்ந்து வெயிலில் மின்னியிருக்கிறது, அவ்வளவுதான். அடாம்ஸ்கியின் மின்மினிகளோ விண்வெளி எங்கும் நிறைந்தவை. கலத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவை அல்ல.

நீங்கள் படித்த அதே புத்தகத்தில் நிலவைப் பற்றிய பகுதியையும் பார்த்திருப்பீர்கள். அங்கே செடிகொடிகள் இருக்கின்றன. ரோமம் அடர்ந்த சின்ன நாலுகால் பிராணி ஒன்று குறுக்கே ஓடுகிறது. மின்மினியைப் பிடித்துத் தொங்குபவர்கள் யாரும் இந்தப் பிராணியைப் பற்றி வாய் திறப்பதில்லை. நூறு சொல்லி ஒன்று பலித்தால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்குதான்.

ஆனால் அவரை ஒரே வார்த்தையில் தள்ளக்கூடாது என்கிறீர்களே, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த மனிதரின் பொய்யைவிட அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பறக்கும் தட்டுக் காய்ச்சல் பிறந்த நாள் 1947 ஜூன் 24. தீயணைப்புக் கருவிகள் விற்பவரான கென்னத் அர்னால்ட் தன் சிறு விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைப்பக்கம் போனார். காணாமல்போன ராணுவ விமானம் ஒன்றைக் கண்டுபிடித்தால் 5,000 டாலர் பரிசு. அதைத் தேடிக்கொண்டிருந்தவர் கண்ணில் ஒன்பது பொருட்கள் வரிசையாகப் பறந்துபோவது பட்டது. தண்ணீர்மேல் தட்டை விசிறி எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்று நிருபர்களிடம் சொன்னார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதை வடிவமாக்கிவிட்டன. அடுத்த சில வாரங்களில் அமெரிக்கா முழுவதும் ஜனங்கள் வட்டத் தட்டுகளைப் பார்த்தார்கள். ஆகஸ்டில் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் கேட்டபோது பத்தில் ஒன்பது அமெரிக்கர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அப்போது பெரும்பாலானவர்கள் அதைக் கண்மயக்கு, வதந்தி, அமெரிக்காவின் ரகசிய ஆயுதம் என்றே நினைத்தார்கள். வேற்றுகிரகம் என்ற பேச்சு பரவலானது 1950 வாக்கில்தான்.

இரண்டு வருடம் கழித்து அடாம்ஸ்கி மேடையேறுகிறார். கலிஃபோர்னியாவின் பலோமர் மலையில் அப்போது உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இருந்தது, 200 அங்குலம். அடாம்ஸ்கி இருந்தது அந்த மலைக்குப் போகும் சாலையோரச் சிற்றுண்டிக் கடையில். தன்னிடமும் சிறிய தொலைநோக்கிகள் வைத்திருந்தார். சீடர்கள் அவரைப் ‘பேராசிரியர்’ என்பார்கள். பலோமர், பேராசிரியர், தொலைநோக்கி மூன்றும் சேர்ந்து கேட்பவர் காதில் என்னவாக விழும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வானாய்வகத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1952 நவம்பர் 20 அன்று ஆறு பேரை அழைத்துக்கொண்டு டெசர்ட் சென்டர் என்ற ஊருக்குப் பக்கத்துப் பாலைவனத்துக்குப் போகிறார். அவர்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டுத் தனியாக நடக்கிறார். அங்கே ஓர் அழகிய இளைஞன் நிற்கிறான். தோளில் புரளும் பொன்னிறக் கூந்தல், பழுப்பு நிற ஒற்றை உடுப்பு. வெள்ளி கிரகத்திலிருந்து வந்தவன், பெயர் ஆர்தான். சைகையாலும் மனத்தாலும் பேசுகிறார்கள். அணுகுண்டு வெடிப்பு எங்களைக் கவலைப்படுத்துகிறது என்கிறான் அவன். ‘பூம், பூம்’ என்று வாயாலேயே வெடித்துக் காட்டுகிறான். படம் எடுக்க விடவில்லை. போனபின் மணலில் குறியீடுகள் பதிந்த காலடித் தடங்கள். கூட வந்தவர்களில் ஒருவர் அச்சு எடுக்கப் பாரிஸ் சாந்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பாலைவனத்துக்குச் சாந்து மூட்டையோடு போகிற மனிதரின் முன்யோசனையை என்னால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

1953இல் புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. 1959 மே மாதம் நெதர்லாந்து அரசி ஜூலியானாவே அவரை அழைத்துப் பேசினார். அந்நாட்டுப் பத்திரிகைகள் தலையில் அடித்துக்கொண்டன.

இனிதான் உங்கள் நண்பருக்கான பதில் வருகிறது. 1949இல் அடாம்ஸ்கி ஒரு நாவல் வெளியிட்டிருந்தார். நிலவுக்கும் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மனிதர்கள் போய்வரும் கதை. அதிலுள்ள காட்சிகள் பல பின்னால் 1955 புத்தகத்தில் ‘நேரில் கண்டவை’யாக வந்தன. அதற்கும் முன்னால், 1930களில், அவர் லகூனா பீச்சில் ‘ராயல் ஆர்டர் ஆஃப் திபெத்’ என்ற ஆன்மிக அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார். கீழை நாட்டு மகாத்மாக்களின் ஞானத்தைப் போதிப்பது தொழில். பறக்கும் தட்டு என்ற பேச்சே பிறக்காத காலம் அது.

அந்த மகாத்மாக்கள் யார் வீட்டுச் சரக்கு? பிளாவாட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபை. 1875இல் நியூயார்க்கில் தொடங்கி 1882இல் நம் அடையாறில் குடியேறியது. அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதி 1913இல் வந்த பெரிய நூலில் மனிதகுலத்தின் வரலாறு சொல்லப்படுகிறது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெள்ளி கிரகத்திலிருந்து ‘சுடரின் அதிபதிகள்’ பூமிக்கு இறங்கி வந்து மனிதனுக்கு அறிவூட்டினார்களாம். அவர்களுக்குத் தலைவர் சனத்குமாரர். ஞானதிருஷ்டியில் கண்டவர்களில் ஒருவர் லெட்பீட்டர். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்து உலககுரு என்று அறிவித்தாரே, அவரேதான். சனத்குமாரர் நம் புராணத்து ஆள். சாந்தோக்கிய உபநிடதம் அவரை ஸ்கந்தன் என்கிறது. அப்படிப் பார்த்தால் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் வந்திறங்கிய பொன்முடிக்காரனுக்குப் பழனியாண்டவர் தூரத்து உறவு. உங்கள் வாட்ஸப் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள், மகிழ்வார்.

1930களில் கை பல்லார்டு என்ற அமெரிக்கர் இதையே எடுத்து ‘ஐ ஆம்’ என்று ஓர் இயக்கம் நடத்தினார். மலைக்குள் நடந்த ரகசியக் கூட்டத்துக்கு வெள்ளியிலிருந்து 12 பேர் வந்ததாக 1934இலேயே எழுதினார். அங்கியும் நீள்முடியும் அறிவுரையும் எல்லாம் அப்போதே தயார். 1947க்குப் பிறகு சேர்ந்தது வாகனம் மட்டும்.

எனவே போகரை இதில் இழுக்க வேண்டாம். சித்தர் பாடல்களில் வரும் குளிகையும் ககன மார்க்கமும் ரசவாதம், யோகம் சார்ந்த பரிபாஷை, அதாவது குறிமொழி. அதற்குத் தனியாகப் படிப்பு வேண்டும். அடாம்ஸ்கிக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டென்றால் அது அடையாற்று ஆலமரத்தடியில் இருக்கிறது. ரஷ்ய அம்மையார் பிளாவாட்ஸ்கியும் ஆங்கிலேயப் பாதிரியாராக இருந்த லெட்பீட்டரும் நம் புராணப் பெயர்களை எடுத்துத் தங்கள் விருப்பப்படி தைத்த சட்டை அது. மேற்கே போய்ப் பறக்கும் தட்டில் ஏறி, இப்போது வாட்ஸப்பில் ‘நம் முன்னோர் சொன்னது’ என்று திரும்பி வந்திருக்கிறது.

பிரம்மஞானம் மட்டும் போதுமென்றால் இந்த விருந்தாளிகள் 1920களிலேயே கூட்டமாக வந்திருக்க வேண்டும். 1952இல் ஏன் வந்தார்கள்? அந்த வருடம் மட்டும் விமானப்படையிடம் 1,501 பறக்கும் தட்டுப் புகார்கள் பதிவாயின. ஜூலையில் தலைநகரத்தின் ரேடாரிலேயே புள்ளிகள் தெரிந்து பெரிய களேபரம். நவம்பர் 1 அன்று பசிபிக் தீவொன்றில் அமெரிக்கா முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. தீவே காணாமல் போனது. பத்தொன்பதாம் நாள் ஆர்தான் வந்து ‘பூம், பூம்’ என்கிறான்.

அடாம்ஸ்கியைத் தொடர்ந்து வந்தவர்களைப் பாருங்கள். சாலை போடும் வேலையில் மெக்கானிக்காக இருந்த ட்ரூமன் பெதுரம், கிளாரியன் கிரகத்தின் பெண் கேப்டனைச் சந்தித்தார். அந்தக் கிரகத்தை நாம் பார்க்க முடியாது, நிலவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ராக்கெட் சோதனைத் தளத்தில் வேலை செய்த டேனியல் ஃப்ரை நியூ மெக்சிகோவிலிருந்து நியூயார்க் போய்த் திரும்பினார், அரை மணியில். விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி ஆஞ்சலூச்சியின் அனுபவத்தை மனவியலாளர் யுங்கே எடுத்து ஆராய்ந்தார். விண்வெளியினர் ஜனாதிபதியையோ ஐன்ஸ்டைனையோ தேடிப் போகவில்லை. குண்டைப் பற்றிய முடிவில் எந்தப் பங்கும் இல்லாத உழைப்பாளிகளைத்தான் தேடி வந்தார்கள்.

கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தி ஆட்டம் போட்ட வருடங்கள் அவை. குண்டு வேண்டாம் என்று ஒரு மெக்கானிக் தெருவில் நின்று சொன்னால் கம்யூனிஸ்ட் முத்திரை விழும். வெள்ளிக்காரன் சொன்னான் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கேட்பார்கள். எஃப்.பி.ஐ. சிரிப்போடு நிற்கவில்லை. அடாம்ஸ்கிமேல் கோப்பு வைத்திருந்தது. தன் பேச்சுக்கு எஃப்.பி.ஐ. ஒப்புதல் இல்லை என்று அவரிடம் எழுதியும் வாங்கியது. அவர் மோசடிக்காரர் என்றே நினைக்கிறேன். அவர் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மேடையில் சொல்லப்பட்ட செய்தியில் பாதி, குண்டைப் பற்றிய பாதி, முழுக்க நியாயமானது.

அரசு ஒளித்ததா? ஒளித்தது, தன்னுடைய சொந்தச் சரக்கை. பறக்கும் தட்டு விழுந்ததாகப் பேசப்பட்ட ராஸ்வெல் என்ற ஊரில் 1947இல் விழுந்தது சோவியத் அணுச்சோதனைகளை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன் என்று விமானப்படை 1994இல்தான் ஒப்புக்கொண்டது. 1950களின் பிற்பகுதியில் வந்த புகார்களில் பாதிக்கு மேல் யு-2 போன்ற உளவு விமானங்களால் வந்தவை என்று சி.ஐ.ஏ.வின் வரலாற்றாசிரியரே எழுதினார். அந்தக் கணக்கை எல்லோரும் ஏற்பதில்லை. விமானப்படை 1969 வரை சேர்த்த 12,618 புகார்களில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைக்காததை ஆர்தானின் கணக்கில் வரவு வைக்க முடியாது. பறக்கும் தட்டுகள் உண்மை என்று வாதாடிய டொனால்ட் கீஹோவே வேற்றுகிரகத்தாரோடு பேசினேன் என்னும் இந்தத் தொடர்பாளர்களைக் கிட்டச் சேர்க்கவில்லை. நம் மானத்தை வாங்குகிறார்களே என்ற கோபம் அவருக்கு.

1962 டிசம்பரில் அமெரிக்க ஆய்வுக்கலம் மரைனர் 2 வெள்ளியைக் கடந்துபோய் அங்கே கொதிக்கிறது என்றது. 1970இல் சோவியத் கலம் வெனேரா 7 தரையிறங்கி அளந்தபோது ஏறக்குறைய 475 டிகிரி. ஈயம் உருகும் சூடு. அடாம்ஸ்கி 1965லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் விருந்தாளிகளின் முகவரியை மாற்றிக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குக் குடியேற்றினார்கள். அங்கே யாரும் வெப்பமானி கொண்டுபோக முடியாது.

கூட்டம் முழுக்கக் கலைந்துவிடவுமில்லை. வெள்ளியின் குருவோடு பேசுவதாக 1954இல் லண்டனில் கிளம்பிய யோகப் பயிற்சியாளர் ஜார்ஜ் கிங்கின் ஈதீரியஸ் சபை இன்றும் நடக்கிறது. மொஹாவி பாலைவனத்தில் ஜயன்ட் ராக் என்ற பாறையடியில் ஜார்ஜ் வான் டாசல் ஆண்டுதோறும் மாநாடு நடத்தினார், ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. உடம்பின் செல்களுக்கு இளமை ஏற்றுவதற்கென்று விண்வெளியினர் சொன்ன திட்டப்படி அங்கே பக்கத்தில் மரத்தாலேயே வெள்ளைக் கும்மட்டம் ஒன்று கட்டினார், பெயர் இன்டெக்ரட்ரான். வேலை முடியுமுன் 1978இல் இறந்தார். 2000இல் பாறையிலிருந்து ஒரு பெரிய துண்டு பிளந்து விழுந்தது. கும்மட்டம் நன்றாக இருக்கிறது. உள்ளே பாய் விரித்துப் படுக்க வைத்து, படிகக் கிண்ணங்களை ஒலிக்கவிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். முன்பதிவு அவசியம் என்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்